முதலாளி ஐயா அவர்களுக்கு

டூங்கபி, சிட்னி
8.2.1976

அன்புத் தங்கச்சி பவளத்துக்கும் மச்சான் சச்சிதானந்தனுக்கும் அண்ணன் எழுதுவது.

முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். அண்ணி விமலாதேவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை கிடைத்துவிட்டது. என் முழங்கால் மட்டும் சொல்வழி கேட்பதில்லை. அந்த ஆப்பிரிக்க வெயிலில் நீங்கள் இருவரும் எப்படி? மலேரியாக் குளிசையை ஒழுங்காக எடுக்கிறீர்களா? எழுதவும்.

சனிக்கிழமைகளில் பாடிஸ் மார்க்கெட்டில் மேசை போடுகிறேன். மற்ற நாளில் கராஜ்தான் கடை. மிளகாய்த் தூள், பருப்பு, கருவாடு. கருவாட்டு மணத்துக்காகக் கவுன்சிலில் முறையிடுவேன் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வந்து நின்றாள். ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயைக் கையில் கொடுத்தேன். இப்போது கிழமைக்கு ஒரு போத்தல் வாங்குகிறாள்.

இனிச் சங்கதிக்கு வருகிறேன். இதைக் கராஜில் இருந்து எழுதுகிறேன், விமலாதேவி பார்க்கக் கூடாது. வீரமலையின் கடிதம் வந்தது. நான் சொல்லிக் கொடுத்தபடியே "மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கி, "தங்கள் பழைய வேலையாள்" என்று முடித்திருக்கிறான். விமலாதேவிதான் முதலில் பிரித்துப் படித்தாள். "உங்கட பண்டாரவளைக் கடையிலை நிண்ட பெடியன் பாவமப்பா, இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்களாம்" என்று எனக்கே செய்தி சொன்னாள். அவன் என்னுடன் ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி அவனுக்கும் ஆத்தாவுக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. வருஷம் முடிவதற்குள் தலைமன்னாரில் கப்பலேற வேண்டுமாம். இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர்கள், இந்தியாவைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்திராதவர்கள். பிள்ளையில்லாத சுருட்டுக்கடைச் சின்னத்தம்பி முதலாளி நம் இருவரையும் தன் பிள்ளைகள் என்று பருத்தித்துறையில் பதிந்திராவிட்டால் நீயும் நானும் இன்று அதே கப்பலுக்குத்தான் மூட்டை கட்டிக்கொண்டிருப்போம். வீரமலை அப்போது கைக்குழந்தை. ஆத்தா அவனை விடவில்லை.

"ஐயா அங்கே ஏதும் வேலை பார்த்துத் தர முடியுமா?" என்று கேட்கிறான். இந்த நாட்டில் அண்ணன் தம்பியைக் கூப்பிடலாம், படிவம் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் நான் யாழ்ப்பாணத்துச் சின்னத்தம்பியின் மகன், அவன் தோட்டத்துக் காளிமுத்துவின் மகன். பார்க்கிறேன். அவசரத்தில் பிரித்த மூட்டைதான் சிந்தும்.

உங்கள் வீடு வசதியா? அண்ணியின் அன்பும் சேர்த்து,
மகேந்திரராஜா

---

போட் ஹார்கோர்ட், நைஜீரியா
14.3.1976

என் அண்ணாவுக்கு,

கடிதம் ஐந்து கிழமை ஊரெல்லாம் சுற்றி வந்து சேர்ந்தது. குளிசை எடுக்கிறோம். இவருக்குப் பள்ளிக்கூடத்தில் கணிதம், எனக்குச் சின்ன வகுப்புகள். அண்ணியின் உடம்புக்குப் பகல் வேலை நல்லது. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசிப் பாருங்கள்.

வீடு வசதியா என்று கேட்டீர்கள். வசதிதான். ஆனால் அது வேறொருவர் கட்டிய வீடு. போன கிழமை அவரே வந்தார்.

பெயர் இபெக்வே. இக்போக்காரர். உங்களைப் போல வெறுங்கையோடு தொடங்கிய துணி வியாபாரி. சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பிக் கட்டியிருக்கிறார். எட்டு வருஷத்துக்கு முன், இக்போக்காரர் தனிநாடு கேட்ட சண்டையில் பட்டாளம் வந்தபோது ஐந்து பிள்ளைகளோடு ஓடினாராம். சண்டை முடிந்து வந்து பார்த்தால் அரசாங்கக் கணக்கில் அது "கைவிட்டுப் போன சொத்து." பக்கத்து ஊர்க்காரரான வோர்கு என்பவர் கைக்கு வந்திருக்கிறது. நாங்கள் வாடகை கொடுப்பது வோர்குவுக்கு.

அன்றைக்கு வோர்குவும் இங்கே நின்றார். இருவரும் அடிபடப் போகிறார்கள் என்று நான் குசினிக்குள் போய் நின்றேன். அடிபடவில்லை, அண்ணா. வோர்கு ஒரு தட்டில் கோலாக் கொட்டை கொண்டுவரச் சொன்னார். நாங்கள் வெற்றிலை வைப்பது போல அவர்கள் அதை வைப்பார்கள். வோர்கு அதைக் கையில் ஏந்தி ஏதோ சொல்லிக் கும்பிட, ஒவ்வொரு வரிக்கும் இபெக்வே, அப்படியே ஆகட்டும் என்பது போல, "இசே" என்றார். பிறகு ஒரே பாஷையில் அரைமணி நேரம் கதைத்தார்கள். ஒருமுறை இரண்டு பேரும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். பிறகு இபெக்வே எழுந்து, தான் வைத்த மாமரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேற்றைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் வோர்குவிடம், "உங்கள் சொந்தக்காரரா?" என்று கேட்டேன்.

"இல்லை மெடம். அவன் இக்போ. நான் இக்வேரே. நாங்கள் வேறு ஆட்கள்."

"ஒரே பாஷை போலக் கேட்டதே?"

"பாஷை விளங்கும். ஆள் வேறு."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவர் என்னவென்று கேட்டார், காய்ச்சல் என்றேன்.

படிவத்தை எடுத்துவிட்டீர்களா? ஆத்தாவுக்கு எழுபது ஆகிறது.

அன்பு மறவாத,
பவளம்

---

டூங்கபி
18.4.1976

பவளத்துக்கு அண்ணனின் ஆசி.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. எல்லோரும் சுகம். நல்லெண்ணெய் விற்கிறவனுக்கே நல்லெண்ணெய் பூசச் சொல்கிறாய். பூசினேன், கொஞ்சம் சுகம்தான். உன் காய்ச்சல் மாறிவிட்டதா?

உன் வோர்கு புத்தியுள்ள மனிதன். கோபிக்காதே, நான் வியாபாரி, உள்ளதைச் சொல்கிறேன். பெயர்ப்பலகையைப் பார்த்துச் சனம் உள்ளே வராவிட்டால் பலகையை மாற்ற வேண்டும். அவன் இக்போ என்ற பலகையை மாற்றினான். இபெக்வேயிடம்தான் பிழை. சந்தை தன் கையில் இருந்த காலத்தில் அந்த ஊர்க்காரன் ஒருவனையும் பங்காளியாக வைத்துக் கட்டியிருக்க வேண்டும். பாஷையை நம்பி யாராவது வீடு கட்டுவார்களா? அவர் என்ன துணி விற்கிறார் என்று கேட்டு எழுது.

போன ஞாயிறு டொக்டர் வரதராஜா வீட்டில் மாதப் பூசை. இங்கே உள்ள யாழ்ப்பாணத்தார் இருபது குடும்பமும் வந்தது. மதராஸில் இருந்து புதிதாக வந்த நரசிம்மன் என்ற எஞ்சினியரும் பெண்சாதியும் வந்தார்கள். நல்ல சனம். அவர்கள் போன பிறகு பேச்சு எழுந்தது. "தமிழ்தான். எண்டாலும் எங்கட ஆக்களில்லைத்தானே" என்றார் டொக்டர். வேறொருவர், "உதாவது பரவாயில்லை. எங்கட மலைநாட்டிலை கொழுந்து பறிக்க வந்ததுகளும் நாளைக்கு இஞ்சை வந்து நாங்களும் சிலோன் தமிழர் எண்டு சொல்லுங்கள்" என்றார். "தோட்டக்காட்டான் பிளேனிலை வந்தால் கூடையை எங்கை கொழுவுவான்?" என்று டொக்டர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

யார் பெரிதாகச் சிரித்தது என்று நீ கேட்கமாட்டாய். நானும் சொல்லவில்லை.

படிவம் வாங்கப் போனேன். ஈஸ்டருக்கு அலுவலகம் பூட்டு.

நலன் விரும்பும்,
அண்ணன்

---

போட் ஹார்கோர்ட்
6.6.1976

அண்ணாவுக்கு,

காய்ச்சல் எனக்கு வரவே இல்லை, அது பொய். மற்றப்படி சுகம். இங்கே மழை கொட்டுகிறது. உங்கள் குளிருக்குப் பெனியன் இரண்டு போடுங்கள்.

இபெக்வே விற்பது என்ன துணி தெரியுமா? மதராஸில் நெய்த கட்டம் போட்ட துணி. இங்கே கலியாணத்துக்கும் சாவுக்கும் அதைக் கட்டாத பெண் இல்லை. இக்போப் பெண்ணும் அதைத்தான் கட்டுகிறாள், இக்வேரேப் பெண்ணும் அதைத்தான் கட்டுகிறாள்.

வோர்குவிடம் நேரே கேட்டேன். "ஒரு பாஷை, ஒரு கும்பிடு, ஒரு துணி. பிறகு என்ன வேறு?" கோபிக்காமல் பதில் சொன்னார். "மெடம், அவர்கள் மேலே இருந்த காலத்தில் என் தகப்பன் ஒரு கடுதாசிக்காக ஒன்பது தரம் கந்தோருக்கு நடந்தார். காட்டான் என்று சிரித்தார்கள். நாங்கள் பேசினால் எங்கள் பேச்சைப் பேசிக் காட்டிச் சிரித்தார்கள். சண்டையில் காட்டிக்கொடுக்கிறவன் என்று என் மாமனைப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. அப்போது நாங்கள் சகோதரர் இல்லை. வீடு போன பிறகுதான் சகோதரர். எங்களுக்கு எங்கள் ஊரும் எங்கள் பெரியவர்களும் முன்பே இருந்தார்கள். யாருடைய வாலும் இல்லை நாங்கள்."

காட்டான் என்று சிரிக்கப்பட்டவன் விலகிப் போகிறான், அது நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அண்ணா, நாங்கள் விலகிப் போனது சிரித்தவர்களை விட்டு இல்லை. சிரிக்கப்பட்டவர்களை விட்டு.

அன்றிரவே இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கதிரையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இவ்வளவுதானே?" என்றார். "கலியாணம் பேசேக்கையே எங்களுக்குத் தெரியும். சின்னத்தம்பியின்ரை மனிசிக்குப் பிள்ளைப்பேறு இல்லை எண்டது பருத்தித்துறையிலை நாய்க்கும் தெரியும். நீ சொல்லுவாய் எண்டு பதினொரு வருஷம் பாத்துக்கொண்டிருந்தனான்."

நான் அழுதேன். அவர் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

ஈஸ்டர் முடிந்து ஏழு கிழமை. படிவம்?

பவளம்

---

டூங்கபி
1.8.1976

பவளத்துக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

மலேசியாவில் இருந்து வந்த அரிசியில் வண்டு. அரைவாசியைக் கோழிப்பண்ணைக்காரனுக்குக் கொடுத்தேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு கடை வாடகைக்கு வருகிறது. இடம் நல்லது, ரயிலால் இறங்குகிற சனம் கண்ணால் காணும். விமலாதேவி எடுக்கச் சொல்கிறாள்.

மச்சான் சொன்னது அவருடைய நல்ல மனது. எல்லாருக்கும் அந்த மனது இருக்காது.

உனக்கு மஞ்சள் தூளும் பப்படமும் கப்பலில் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்

---

போட் ஹார்கோர்ட்
19.9.1976

அண்ணாவுக்கு,

பார்சல் வரவில்லை. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் இருப்பீர்கள்.

வீரமலை எனக்கு எழுதியிருக்கிறான். கப்பல் அக்டோபர் பதினான்காம் திகதி. தோட்டத்தில் அரிசி இல்லாத வருஷத்தில் ஆத்தாவின் கால் வீங்கியது இன்னும் வற்றவில்லையாம். அதோடு நீங்கள் அவனுக்கு அனுப்பிய பதிலையும் பார்த்து எழுதி அனுப்பியிருக்கிறான். உங்களுக்கு மறந்திருந்தால் நான் திருப்பி எழுதுகிறேன்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. தற்போது எமது நிறுவனத்துக்கு ஆட்கள் தேவைப்படவில்லை. தேவைப்படின் அறிவிக்கப்படும். எஸ். மகேந்திரராஜா, உரிமையாளர்."

திகதி பிப்ரவரி பத்து. எனக்கு "பார்க்கிறேன்" என்று எழுதி இரண்டாம் நாள். அதற்குப் பிறகு ஈஸ்டர் பூட்டு, அரிசியில் வண்டு.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வோர்குவின் தாய் போன மாதம் செத்துப்போனாள். இபெக்வே ஆபா என்ற ஊரில் இருந்து ஆட்களோடு வந்தார். தெருமுனையில் இருந்தே வேட்டுப் போட்டு, ஒப்பாரி போலப் பாடிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பாட்டை இங்கே நின்ற பெண்கள் வாங்கிப் பாடினார்கள். அவர் கொண்டுவந்த மதராஸ் துணியை வோர்கு தன் கையாலே வாங்கி அந்தக் கிழவிக்குப் போர்த்தினார். அந்தத் துணியோடுதான் புதைத்தார்கள். மறுநாள் இபெக்வே வீட்டுப் பேச்சை எடுத்தார். வோர்கு பழையபடி, "நான் இக்வேரே, நீ இக்போ. வீடு அரசாங்கம் தந்தது" என்றார். இபெக்வே எழும்பிப் போய்விட்டார்.

வோர்கு எல்லாவற்றையும் மறுக்கிறார், அண்ணா. வீட்டைக் கொடுக்கவில்லை. ஆனால் தாய் செத்தபோது துணியை மறுக்கவில்லை.

இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. உங்களுக்கு என்ன பயம்? அதையாவது எழுதுங்கள்.

பவளம்

---

டூங்கபி
31.10.1976

பவளம்,

நீ சுகமாக இருக்க வேண்டும். முதலில் அதைச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது கப்பல் போய்விட்டது. அப்படிச் சொன்னால் தபால்காரன் மேல் பழி போட்டதாகும். முன்பே வந்திருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

பயம் என்னவென்று கேட்டாய். போன வருஷம் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தேன். தாய் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு கேள்வி. இல்லை, 1958இல் காலமானார் என்று எழுதினேன். அது சின்னத்தம்பியின் மனைவி இறந்த வருஷம். சகோதரர்கள் என்ற இடத்தில் ஒரு தங்கை என்று உன்னை எழுதிவிட்டு, தம்பி இல்லை என்று எழுதினேன். சரக்கு விலைப்பட்டியல் எழுதுவது போல எழுதினேன். பிறகு கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். அன்றைக்கு வீட்டில் பாயாசம்.

அந்தப் பத்திரம் இருக்கும்போது வீரமலைக்கு என்ன படிவம் போடுவது? இல்லாத தம்பியைக் கூப்பிடுவதா? நான் பொய்யன் என்று தெரிந்தால் என்னைத் திருப்பி அனுப்பலாம், பிள்ளைகளின் படிப்பு, விமலாதேவியின் வேலை எல்லாம் போகலாம். இது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி, டொக்டர் வரதராஜா வீட்டுப் பூசையில் அடுத்த மாதம் எங்கே உட்காருவது என்ற பயம். நீ கேட்டாய், எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

இரண்டு பேரும் இப்போது மண்டபம் முகாமில் இருப்பார்கள். அங்கே கொஞ்சம் காசு அனுப்பியிருக்கிறேன். பெயர் போடாமல்.

அண்ணன்

---

போட் ஹார்கோர்ட்
5.12.1976

அண்ணாவுக்கு,

இது வந்து சேரும்போது தந்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். ஆத்தா நவம்பர் இருபத்தெட்டாம் திகதி விடியற்காலை மண்டபம் முகாமில் போய்விட்டாள். வயிற்றோட்டமாம். வீரமலை கொள்ளி வைத்தானாம். தந்தியை, கடிதங்களைப் போலக் கராஜ் கடைப் பெயருக்குப் போடாமல் வீட்டு விலாசத்துக்கு, சனிக்கிழமை நீங்கள் மார்க்கெட்டில் நிற்கையில் போய்ச் சேருகிற மாதிரித் தெரிந்துதான் அனுப்பினேன். அண்ணி பிரிக்கட்டும் என்று அனுப்பினேன். என்னை ஏச வேண்டுமானால் ஏசுங்கள்.

நாங்கள் வோர்குவின் வீட்டை விட்டுப் பள்ளிக்கூடக் குவாட்டர்ஸுக்கு மாறிவிட்டோம். இரண்டு அறைதான். இபெக்வேக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வேறு யாரோ குடிவருவார்கள். எனக்கு அங்கே படுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்ன எழுதினாலும் நீங்கள் என் அண்ணா.

பவளம்

---

டூங்கபி
2.1.1977

என் தங்கச்சி பவளத்துக்கு,

மச்சானையும் உன்னையும் கடவுள் குறைவின்றி வைக்கட்டும். ஏசவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

தந்தியை விமலாதேவிதான் பிரித்தாள். "உங்கட அம்மா அம்பத்தெட்டிலை மோசம் போனவ எல்லே? இது எந்த அம்மா?" என்றாள். எங்களை வளர்த்த சின்னம்மா என்றேன். நாற்பது வருஷம் பொய் விற்றவனுக்குச் சரக்கு கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கும். "அப்ப அந்தக் கடைப்பெடியன் வீரமலை ஏன் கொள்ளி வைச்சவன்?" ஆளில்லாத இடம் என்றேன். அவள் தாதி, நோயாளிகளின் பொய்யைத் தினமும் கேட்கிறவள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு இருபது குடும்பத்துக்கும் சொல்லிவிட்டாள்.

யாழ்ப்பாணத்தாருக்கு முப்பத்தொன்று. எனக்கும் அதுதான் என்று இருந்தேன். நாள் எண்ணவே இல்லை. ஆனால் டிசம்பர் பதின்மூன்றாம் திகதி விடிய எழும்பினால் கை தானாகச் சவர அலகைத் தேடியது. பதினாறாம் நாள், பவளம். லயத்தில் அப்பனுக்குச் செய்த நாள். எனக்கு அப்போது எட்டு வயது. நாற்பது வருஷம் யாழ்ப்பாணத் தமிழ் பேசி, யாழ்ப்பாணச் சாப்பாடு சாப்பிட்டு, முருங்கைக்காய்க் கறிக்குக் குற்றம் சொல்லவும் பழகிவிட்டேன். அந்த நாள் மட்டும் மறக்கவில்லை. மீசையை எடுத்தேன், தலையை எடுத்தேன். கராஜில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே வாழையிலைக்குப் பதில் பிரவுன் பேப்பர் விரித்துப் படையல் போட உட்கார்ந்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. எந்த வீட்டுக்காரி எந்தத் தூள் வாங்குவாள் என்று எனக்கு மனப்பாடம். ஆத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாது. பேப்பரில் ஒன்றும் வைக்காமல் இருந்தேன்.

விமலாதேவி பின்னால் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ! எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர் சன்னாசி என்றும் சொன்னேன். நான் எதிர்பார்த்தது வேறு. அவள் கேட்டது, "எனக்கு ஒரு மாமி இருந்தவவோ? போன மாசம் வரைக்கும் இருந்தவவோ?" அதன்பிறகு என்னோடு ஒன்பது நாள் பேசவில்லை.

இருபத்தெட்டாம் திகதி எல்லோரும் வந்தார்கள். டொக்டர் என் தலையைப் பார்த்துவிட்டு, "என்ன மகேந்திரம், முடி முளைச்சிட்டுது? பதினாறிலையே வழிச்சுப்போட்டீரோ? அது தோட்டக்காடுகளின்ரை முறையெல்லே?" என்று சிரித்தார்.

"ஓம் டொக்டர். நான் தோட்டக்காட்டான்தான். கூடையை எங்கை கொழுவுறது எண்டு கேட்டனீங்கள். கராஜிலை நிறைய ஆணி இருக்குது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. மூன்று குடும்பம் கை நனைக்காமல் எழும்பிப் போனது. நரசிம்மனின் பெண்சாதி வேதவல்லி மட்டும், "முதல்ல எல்லாருக்கும் இலை போடுங்க, ஆறிடப் போறது" என்று விமலாதேவிக்குப் பக்கத்தில் போய் நின்று பரிமாறினாள். டொக்டர் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். முந்தாநாள் வெள்ளி கராஜுக்கு ஏழு பேர்தான் வந்தார்கள். வென்ட்வேர்த்வில் கடையை விட்டுவிட்டேன்.

ஒரு வக்கீலைப் பார்த்தேன். நீங்களாகப் போய்ச் சொன்னால் ஒருவேளை மன்னிக்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டேன், எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். விசாரணை இருக்கிறது. வீரமலைக்கான படிவத்தை, உறவு என்ற இடத்தில் "தம்பி" என்று நிரப்பி அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் கையெழுத்திட்டுத் திருப்பினால் போதும். கூடவே ஒரு கடிதம். "டேய் தம்பி" என்று தொடங்கினேன். இனி அண்ணன் என்று எழுது என்று கேட்டேன். ஆத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்டேன்.

வோர்குவைப் புத்திசாலி என்று எழுதினேன். அவன் நியாயம் அவனுக்கு இருக்கட்டும், அதைத் தீர்க்க நான் ஆளில்லை. என் பலகையை மட்டும் எனக்குத் தெரியும். இபெக்வேயைக் கண்டால் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
சன்னாசி

---

கூடலூர், நீலகிரி
11.3.1977

மதிப்பிற்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு,

பழைய வேலையாள் வீரமலை பணிவுடன் எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையில் நான் சுகம். தாங்களும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

ஐயாவின் கடிதமும் படிவமும் மண்டபத்துக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தன. இங்கே எனக்குத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதே குளிர், அதே மலை. அங்கே எங்களை இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். பழகிவிடும்.

அண்ணன் என்று எழுதும்படி கேட்டிருந்தீர்கள். மூன்று தாள் கிழித்தேன், ஐயா. கை வரவில்லை. கோபம் என்று நினைக்க வேண்டாம். இருபது வருஷமாக ஐயா என்றே எழுதிப் பழகிய கை.

படிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கப்பலைவிட்டு இறங்கி மண்டபம் வந்ததும் வரிசையில் நிறுத்திக் குடும்ப அட்டை எழுதினார்கள். "வெளிநாட்டில் உறவு யாராவது உண்டா?" என்று கேட்டார்கள். நான் ஆத்தாவைப் பார்த்தேன். ஆத்தா எனக்கு முந்திக்கொண்டு, "இல்லைங்க சாமி. எனக்கு இவன் ஒத்தைப் புள்ளைதான்" என்று சொல்லிவிட்டாள். எழுதிக்கொண்டார்கள், ஆத்தா கைநாட்டு வைத்தாள். அன்று ராத்திரி, "ஏன் ஆத்தா அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். "அவன் அங்கன ஒரு பேரோட நல்லா இருக்கான். நான் உண்டுன்னு சொல்லி அந்தப் பேரு கெடணுமா?" என்றாள். அதற்குமேல் அவள் தங்களைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது நான் கையெழுத்துப் போட்டால் ஆத்தா சொன்னது பொய்யாகும். அவள் கடைசியாக வைத்த கைநாட்டு அது. ஆகவே படிவத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மன்னிக்க வேண்டும்.

ஐயா கேட்டிருந்த இன்னொன்று. ஆத்தாவுக்குப் பிடித்தது வெறும் சாயத் தேத்தண்ணி. சீனியை உள்ளங்கையில் கொட்டி, ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் நக்கிக்கொண்டு குடிப்பாள். சீனி தீர்ந்த பிறகும் அந்தக் கையை நக்குவாள். வருஷத் திதிக்கு அதை மட்டும் வைத்தால் போதும்.

இரண்டு கோப்பை வைக்கவும், ஐயா. அவள் தனியாகக் குடிக்கமாட்டாள்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள,
கா. வீரமலை